ரோசலிண்ட் கண்ட இரு வடிவங்கள்

முதுநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு

சென்ற ஆண்டு எங்கள் துறையின் மாணவர் கருத்தரங்கில் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையாரின் வாழ்க்கை. டி.என்.ஏ.யின் புகழ்பெற்ற எக்ஸ் கதிர்ப் படம் அவருடைய ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்டது என்றும், அப்படம் அவர் அறியாமலே பிறர் கண்ணுக்குப் போயிற்று என்றும், நோபல் பரிசில் அவர் பெயர் இல்லை என்றும் உணர்ச்சி பொங்கப் பேசி முடித்தேன். கைதட்டல் நன்றாகவே கிடைத்தது. அது ஓய்ந்த பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த எங்கள் பேராசிரியை எழுந்தார். பிறர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்று சொன்னாய். அவர் தாமாகக் கண்டுபிடித்தது எது என்று சொல்லவில்லையே அம்மா என்று கேட்டார். புகைப்படம் என்றேன். அந்தப் புகைப்படம் எதைக் காட்டிற்று என்றார். விழித்துக்கொண்டு நின்றேன்.

அன்று பட்ட வெட்கம்தான் என்னை நூலகத்துக்குத் துரத்தியது. ஓராண்டு காலம் ஓய்ந்த நேரத்தில் படித்ததை இங்கே எழுதுகிறேன். ஆசிரியைக்குத் தர வேண்டிய விடை என்று கொண்டாலும் சரியே.

ரோசலிண்ட் எல்சி பிராங்க்ளின் 1920 சூலை 25 அன்று இலண்டன் மாநகரில், செல்வம் படைத்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். வங்கித் தொழிலில் பெயர் பெற்ற குடும்பம் அது. பெண்களுக்கு இயற்பியலும் வேதியியலும் முறையாகக் கற்பித்த பள்ளிகள் அந்நாளில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றான புனித பால் பெண்கள் பள்ளியில் அவர் படித்தார். 1938இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூனம் கல்லூரியில் சேர்ந்தார். 1941இல் இறுதித் தேர்வில் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை என் வகுப்புத் தோழியர் அறிவர்! பெண்கள் தேர்வு எழுதலாம்; ஆனால் முழு உரிமையுள்ள பட்டம் அவர்களுக்குக் கிடையாது என்பதே அன்றைய கேம்பிரிட்ஜின் விதி. அந்த விதி 1948இல்தான் மாறியது.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1942இல் பிரிட்டிஷ் நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் இந்தப் பகுதியை இரண்டு வரிகளில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ அவருடைய அறிவியல் முழுவதும் இந்தக் கரித்துண்டிலிருந்தே தொடங்குவதாகத் தோன்றுகிறது. நிலக்கரி பார்வைக்குக் கட்டியாக இருப்பினும் அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. ஹீலியம் போன்ற சிறிய அணு உள்ளே புகும்; சற்றுப் பெரிய மூலக்கூறு வாயிலிலேயே நின்றுவிடும். எந்தக் கரியில் எந்த அளவுள்ள மூலக்கூறு எவ்வளவு தூரம் நுழைகிறது என்று அளந்து, துளைகளின் குறுகிய வாயில்களே சல்லடைபோல வேலை செய்கின்றன என்று காட்டினார். அந்த ஆய்வுக்காக 1945இல் முனைவர் பட்டம் பெற்றார். ஒரு பொருளின் உட்புற வடிவமே அதனுள் எது புகலாம் என்பதை முடிவு செய்கிறது என்ற இந்தச் செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் இது வேண்டியிருக்கும்.

1947இல் பாரிஸ் நகருக்குச் சென்றார். அங்கே ஜாக் மெரிங் என்பவரிடம் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறையைக் கற்றார். படிகமாகாத, ஒழுங்கு குலைந்த பொருள்களையும் எக்ஸ் கதிர் கொண்டு ஆராயும் கலை அது. சில கார்பன்கள் மிக உயர்ந்த வெப்பத்தில் கிராஃபைட்டாக மாறுகின்றன. சில எவ்வளவு சூடாக்கினாலும் மாறுவதில்லை. இந்த வேறுபாட்டின் காரணத்தை அணு அடுக்குகளின் அமைப்பிலிருந்து விளக்கி 1951இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் கார்பன் ஆய்வாளர்களுக்கு அடிப்படையானது. பாரிசில் இருந்த அந்த நான்கு ஆண்டுகளே அவர் வாழ்வின் மகிழ்ச்சியான காலம் என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர்.

1951 சனவரியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். இங்கேதான் சிக்கல் முளைத்தது. துறைத் தலைவர் ஜான் ராண்டல், 1950 டிசம்பரில் எழுதிய கடிதத்தில் டி.என்.ஏ.யின் எக்ஸ் கதிர் வேலை அவருக்கும் ரேமண்ட் காஸ்லிங் என்ற ஆய்வு மாணவருக்கும் உரியது என்று தெரிவித்திருந்தார். அதே வேலையில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த மாரிஸ் வில்கின்சுக்கு இச்செய்தி முறையாகச் சொல்லப்படவில்லை. தம் குழுவுக்கு ஓர் உதவியாளர் வந்திருக்கிறார் என்று அவர் எண்ணினார். தனி ஆய்வாளராக வந்திருக்கிறோம் என்று இவர் எண்ணினார். ஒரு கடிதத்தின் நகல் போகாததால் இருவரும் இரண்டாண்டு காலம் பேச்சுவார்த்தையின்றி வாழ்ந்தார்கள் என்றே சொல்லலாம். குற்றம் யாருடையது என்று கேட்டால் நான் தலைவரைத்தான் சொல்வேன்.

இனி பேராசிரியை கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சுவிட்சர்லாந்து நாட்டின் ருடால்ஃப் சிக்னர் தயாரித்த மிக உயர்ந்த தரமுள்ள டி.என்.ஏ. கிங்ஸ் கல்லூரியில் இருந்தது. அதைச் சற்றே ஈரமாக்கி ஊசி முனையால் இழுத்தால் சிலந்தி நூல் போல மெல்லிய இழை வரும். அவ்விழையின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, சிதறி வரும் கதிர்களைப் படலத்தில் பதிவு செய்ய வேண்டும். அவருக்கு முன் எடுக்கப்பட்ட படங்கள் மங்கலாக, ஒன்றின்மேல் ஒன்று படிந்தாற்போல இருந்தன. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

ரோசலிண்ட் இழையைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஹைட்ரஜன் வாயுவைப் பலவகை உப்புக் கரைசல்களின் வழியே குமிழிடச் செய்து கேமராவுக்குள் அனுப்பினார். கரைசலை மாற்றினால் ஈரப்பதமும் மாறும். நம் ஆய்வகத்தில் இளநிலை மாணவரும் செய்யக்கூடிய எளிய ஏற்பாடுதான். ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காடு அளவில் இருக்கும்போது இழை படிகம் போன்ற ஒழுங்கோடு கூர்மையான புள்ளிகள் நிறைந்த படம் தந்தது. ஈரத்தை 92 விழுக்காட்டுக்கு உயர்த்தியதும் இழை நீர் குடித்து நீண்டது. படம் முற்றிலும் வேறாகியது. உலர்த்தினால் பழைய வடிவம். நனைத்தால் புதிய வடிவம். முதலாவதை ஏ வடிவம் என்றும் இரண்டாவதை பி வடிவம் என்றும் பெயரிட்டார். முன்னவர்கள் எடுத்த படங்கள் குழம்பியிருந்ததற்குக் காரணம், இரு வடிவங்களும் ஒரே இழையில் கலந்திருந்ததுதான்.

டி.என்.ஏ. என்பது ஒரே வடிவம் கொண்ட பொருளன்று. சூழ்ந்திருக்கும் நீரும் அயனிகளும் மாறினால் அதுவும் வடிவம் மாறும். இதுவே அவர் தாமாகக் கண்டது. நீர் அவ்வளவு எளிதாக உள்ளே போய் வருவதால், நீரை ஈர்க்கும் பாஸ்பேட் தொகுதிகள் மூலக்கூறின் வெளிப்புறத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் முடிவு கட்டினார். 1951 நவம்பரில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் பாஸ்பேட்டை நடுவில் வைத்து மூன்றிழை மாதிரி ஒன்றைக் கட்டி அவருக்குக் காட்டியபோது, இதில் நீருக்கு இடம் எங்கே என்ற அளவில் அதைத் தள்ளிவிட்டார். அவர் சொன்னதே சரியாயிற்று.

1952 மே மாதத்தில் பி வடிவத்தின் மிகத் தெளிவான படம் கிடைத்தது. அறுபது மணி நேரத்துக்கு மேல் கதிர் பாய்ச்சி, அவருடைய வழிகாட்டலில் காஸ்லிங் எடுத்த 51ஆம் எண் படம் அது. நடுவில் பெருக்கல் குறி போன்ற கரும்புள்ளிகள். அக்குறி சுருள் வடிவத்தின் கையொப்பம். புள்ளிகளின் இடைவெளி ஒரு சுற்றுக்கு 34 ஆங்ஸ்ட்ராம் என்கிறது. அந்தப் புகைப்படம் எதைக் காட்டிற்று என்ற கேள்விக்கு இன்றைக்கு என்னால் விடை சொல்ல முடியும்.

ஆனால் அவரும் பிழை செய்யாதவர் அல்லர். புள்ளிகள் மிகுந்த ஏ வடிவப் படத்திலிருந்தே கணக்கு முறையில் முழு அமைப்பையும் பெறலாம் என்று நம்பி, பி படத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு மாதக் கணக்கில் ஏ வடிவத்தோடு போராடினார். ஏ வடிவம் சுருளே அன்று என்று கூட ஒரு கட்டத்தில் எண்ணி, 1952 சூலையில் சுருளுக்கு இரங்கல் அட்டை ஒன்று எழுதி நண்பர்களுக்குக் காட்டி வேடிக்கை செய்தார். ஏ வடிவமும் சுருளே. அந்த வேடிக்கை அவருக்கு எதிராகப் பின்னாளில் பலமுறை சொல்லப்பட்டது. என் சென்ற ஆண்டுப் பேச்சில் இதை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவரைத் தெய்வமாக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

1953 சனவரியில் வில்கின்ஸ் 51ஆம் படத்தை வாட்சனிடம் காட்டினார். அடுத்த மாதம், மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்குக் கிங்ஸ் கல்லூரி அளித்திருந்த அறிக்கை மாக்ஸ் பெரூட்ஸ் வழியாகக் கிரிக்கின் கைக்கு வந்தது. அதில் ரோசலிண்டின் அளவுகள் இருந்தன. ஏ வடிவப் படிகத்தின் சமச்சீர்மையைக் கண்டதும் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்று கிரிக் உணர்ந்தார். பி வடிவம் வாட்சனுக்கு உதவிற்று. ஏ வடிவம் கிரிக்குக்கு உதவிற்று. இரண்டையும் பிரித்துத் தந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதலில் வாட்சன், கிரிக் இருவரின் மாதிரி. கடைசியில் ரோசலிண்ட், காஸ்லிங் இருவரின் சோதனைச் சான்று. கண்டறிந்தவர் கட்டுரை ஒத்துப்பாடுபவர் கட்டுரை போல அச்சாகியது. மார்ச் 17 தேதியிட்ட அவருடைய வரைவு ஒன்று பிற்காலத்தில் கிடைத்தது. பி வடிவம் இரட்டைச் சுருள் என்ற முடிவுக்கு அவரும் வந்திருந்தார் என்பது அதில் தெரிகிறது.

அதற்குள் அவர் கிங்ஸ் கல்லூரியை விட்டு பிர்க்பெக் கல்லூரிக்கு, ஜே. டி. பெர்னலின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றுவிட்டார். இனி டி.என்.ஏ.யைப் பற்றி நினைக்கவும் வேண்டாம் என்று பழைய தலைவர் கடிதம் எழுதினார். நினைப்பதை நிறுத்த எந்த உப்புக் கரைசல் உதவும் என்று தெரியவில்லை! அவர் புகையிலைத் தேமல் வைரசை எடுத்துக்கொண்டார். குழல் போன்ற அந்த வைரசில் ஆர்.என்.ஏ. நடுத் துளையில் இல்லை. புரதத் துண்டுகளுக்கிடையே சுருளாகப் பதிந்திருக்கிறது என்று காட்டினார். அங்கே அவருடன் உழைத்த ஆரோன் குளூக் 1982இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

1956இல் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாள் கேம்பிரிட்ஜில் கிரிக் தம்பதியர் வீட்டில் தங்கி உடல் தேறினார் என்பது பலரும் அறியாத செய்தி. பகைமை பாராட்டியவராக அவரைக் காட்டுவோர் இதையும் நினைக்க வேண்டும். சிகிச்சைக்கு நடுவிலும் ஆய்வுக்கூடம் சென்றுவந்தார். 1958 ஏப்ரல் 16 அன்று, 37ஆம் வயதில் மறைந்தார். பிரசெல்ஸ் உலகக் கண்காட்சி தொடங்கியது மறுநாள். அதில் வைப்பதற்காக அவர் உருவாக்கித் தந்திருந்த பெரிய வைரஸ் மாதிரி அங்கே மக்கள் பார்வைக்கு நின்றது. 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். மறைந்தவர்களுக்கு அப்பரிசு கொடுப்பதில்லை.

பரிசளிப்பு நடந்த அதே 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இன்னொன்றும் நடந்தது. டி.என்.ஏ.யின் நான்கு காரங்களுள் ஒன்றான குவானின் அடங்கிய அமிலம் நீரில் கெட்டியான கூழாகிவிடும் என்பது வேதியியலார் நெடுநாளாக அறிந்த விந்தை. மார்ட்டின் கெல்லர்ட், மேரி லிப்செட், டேவிட் டேவிஸ் ஆகிய மூவரும் அக்கூழை இழையாக்கி, ரோசலிண்ட் கையாண்ட அதே வகை எக்ஸ் கதிர் முறையில் படமெடுத்தனர். நான்கு குவானின்கள் கைகோத்துச் சதுரமாக அமர்ந்து, சதுரத்தின் மேல் சதுரமாக அடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. இரண்டு இழைக்கு மாறாக நான்கு! அடுக்குகளுக்கு நடுவே பொட்டாசியம் அயனி அமர்ந்தால் அமைப்பு உறுதிப்படும். 1979இல் இடப்புறமாகச் சுற்றும் இசட் வடிவமும் படிகத்தில் காணப்பட்டது. ஏ, பி என்று அவர் தொடங்கி வைத்த எழுத்து வரிசை இவ்வாறு இசட் வரை ஓடிற்று.

இவை சோதனைக் குழாயின் வேடிக்கைகள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. பிறகுதான் நம் குரோமோசோம்களின் நுனியில் மூன்று குவானின்கள் கொண்ட ஒரே தொடர் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருவதும், பல மரபணுக்களின் தொடக்க வாயிலிலும் குவானின் கூட்டங்கள் இருப்பதும் தெரியவந்தன. ஒரு மரபணு வேலை செய்வதென்றால் அதன் செய்தி ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட வேண்டும். வாயிலில் இழை நான்காக முடிச்சிட்டுக்கொண்டால் என்ன ஆகும்? அந்த முடிச்சை இறுக்கிப் பிடிக்கும் சிறு மூலக்கூறு ஒன்றைக் கொடுத்து மரபணுவை அடக்க முடியுமா?

அமெரிக்காவில் லாரன்ஸ் ஹர்லியின் குழு 2002இல் இதைச் சோதித்தது. பல புற்றுநோய்களில் அளவுமீறி வேலை செய்யும் சி-மிக் என்ற மரபணுவின் வாயிலில் இத்தகைய முடிச்சு உண்டு. தட்டையான போர்ஃபிரின் வளையத்தில் நேர்மின்சுமை கொண்ட நான்கு கைகளை உடைய டி.எம்.பை.பி.4 என்னும் மூலக்கூறு, குவானின் சதுரத்தின் மேல் தட்டின்மேல் தட்டு வைத்தாற்போலப் படிந்து முடிச்சை உறுதியாக்கியது. உயிரணுக்களில் சி-மிக்கின் படியெடுப்பு குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். டி.எம்.பை.பி.2 என்று அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. கைகளில் நைட்ரஜன் இருக்கும் இடம் மட்டும் வேறு. அதனால் கைகள் திரும்பி நின்று தட்டையாகப் படிய விடுவதில்லை. அதைக் கொடுத்தால் அந்த விளைவு இல்லை. மாற்றியம் பற்றித் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் நாம் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். நிலக்கரித் துளையில் எது புகும், எது நிற்கும் என்று அளந்த பெண்ணுக்கு இது வியப்பாக இருந்திராது.

இந்த முடிச்சுகள் உயிருள்ள மனித உடலில் உண்மையில் உண்டா என்ற ஐயம் 2013 வரை வலுவாக இருந்தது. அவ்வாண்டு கேம்பிரிட்ஜில் சங்கர் பாலசுப்பிரமணியனின் குழு, முடிச்சை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றைக் கொண்டு மனித உயிரணுக்களின் உட்கருவில் அவற்றை ஒளிரச் செய்து காட்டிற்று. பாலசுப்பிரமணியன் 1966இல் நம் சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாகவே பெற்றோருடன் இங்கிலாந்து சென்றவர். ரோசலிண்ட் இரண்டாம் வகுப்பு வாங்கிய அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர்.

எல்லாம் தீர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். டி.எம்.பை.பி.4 சாதாரண இரட்டைச் சுருளையும் பற்றுகிறது. ஆகையால் மருந்தாகத் தகாது. மேலும் அக்கேம்பிரிட்ஜ் குழுவே 2016இல், இம்முடிச்சுகள் மிகுதியாகக் காணப்படுவது சுறுசுறுப்பாக வேலை செய்யும் மரபணுக்களின் வாயில்களில்தான் என்று கண்டது. அடைக்கும் தாழ்ப்பாள் என்று நினைத்தது சில இடங்களில் திறக்கும் கைப்பிடியாகவும் இருக்கலாம். சி.எக்ஸ்-5461 என்ற மூலக்கூறு முடிச்சுகளை உறுதியாக்கி, டி.என்.ஏ.யைச் செப்பனிடும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் பழுதான புற்றுநோய் உயிரணுக்களைச் சிறப்பாகத் தாக்குவதாக 2017இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. அது நோயாளிகளிடமும் சோதிக்கப்பட்டுள்ளது. முடிச்சின் வழியாக மட்டும்தான் அது வேலை செய்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் ஓயவில்லை. அந்த மரபணுக்கள் பழுதானால் பெண்களுக்கு வரக்கூடிய நோய்களுள் சினைப்பைப் புற்றுநோயும் ஒன்று. இதைப் படித்த இரவு நான் வெகுநேரம் விளக்கை அணைக்கவில்லை.

இலண்டனில் வில்லெஸ்டன் யூதக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் அவர் அறிவியலாளர் என்றும், வைரசுகள் பற்றிய அவர் ஆய்வு மனித குலத்துக்கு நீடித்த பயன் தருவது என்றும் பொறித்திருக்கிறார்கள். டி.என்.ஏ. என்ற சொல் அதில் இல்லை. இந்தக் கட்டுரையின் கைப்படியைப் பேராசிரியையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, 75 விழுக்காடு ஈரப்பதம் வேண்டுமானால் எந்த உப்பின் நிறைகரைசலை எடுப்பாய் என்று கேட்டார். சோடியம் குளோரைடு என்றேன். தலையசைத்துவிட்டு, போய்ச் செய்து பார் என்றார்.